ரெயில் ஜன்னலில் பார்த்த மலைக்கு ஐப்பசியில் ஒரு பயணம்

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார் அந்தத் தொழிலாளி. சொந்த ஊர் நெல்லை மாவட்டத்தில் ஒரு கிராமம். மும்பைக்கு வந்து 31 ஆண்டுகள் ஆகின்றன.

இந்த 31 ஆண்டுகளில் அவர் ஊருக்குப் போய் வந்த பயணங்களைக் கணக்குப் பார்த்தால் 40-க்குக் குறையாது. ஒவ்வொரு முறையும் கர்ஜத்தில் வடை வாங்கித் தின்றிருக்கிறார். வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு இஞ்சின் சேர்க்கும்போது பெட்டி குலுங்குவது அவருக்குப் பழக்கம். அதன் பிறகு குகை, வெளிச்சம், மறுபடியும் குகை. பகல் வண்டியாக இருந்தால் பள்ளத்தாக்கும் அருவியும் ஜன்னலில் தெரியும். இரவு வண்டியாக இருந்தால் அதுவும் இல்லை. லோனாவாலா வரும்போது பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

அந்த மலையில் ஒரு தடவைகூட அவர் இறங்கியதில்லை.

அவர் மட்டுமா? மாதுங்கா, சயான் கோலிவாடா, அந்தாப்ஹில், செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத் என்று தமிழர்கள் வாழும் எந்தப் பகுதியில் கேட்டாலும் இதே பதில்தான். லீவு என்றால் ஊர். கோவில் கொடை, கல்யாணம், சடங்கு, துக்கம். அதற்கே லீவு போதாது. மிஞ்சிய நாளில் ஓவர்டைம் பார்த்தால் நாலு காசு வரும். மலைக்குப் போவது பணக்காரர் வேலை என்ற எண்ணம் மனதில் ஊறிப்போய்விட்டது.

சென்ற ஆண்டு தீபாவளிக்கும் அவர் ஊருக்குத்தான் போக நினைத்தார். இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. (2024 அக்டோபர் வரை 120 நாட்களாக இருந்தது.) 60-வது நாள் காலை 8 மணிக்குக் கவுண்டரில் நின்றும் கிடைத்தது காத்திருப்போர் பட்டியல்தான். தனியார் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருக்கும் மகள் அன்று இரவு பேச்சைத் தொடங்கினார்.

"எம்மா, வெயிட்டிங் லிஸ்ட் 180-ல நிக்கு. இந்தத் தடவை ஊருக்குப் போவ முடியாது. மூணு பேரும் மகாபலேஷ்வர் போயிட்டு வருவமா?"

"ஊருக்குப் போற காசை மலையில கொண்டுபோய்க் கொட்டணுமாக்கும்?" என்றார் தாயார்.

தந்தை ஒன்றும் சொல்லவில்லை. சித்திரை முதல் மாதம் 1,000 ரூபாய் வீதம் ஊர்ப் பயணத்துக்கென்று தகர டப்பாவில் போட்டு வந்திருக்கிறார். புரட்டாசியில் எண்ணிப் பார்த்தபோது 6,000 ரூபாய் இருந்தது.

ஊரில் மழை, இங்கே வெயில்

ஐப்பசி என்றால் நமக்கு அடைமழை. ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர் காலம் என்று முன்னோர் வகுத்தனர். அது நம் ஊருக்குப் பொருந்தும். சகியாத்திரி மலைக்குப் பொருந்தாது. இங்கே ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை அக்டோபர் இரண்டாவது வாரவாக்கில் விடைபெறும். அதே மாதம் மூன்றாவது வாரத்தில் ஊரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அங்கே குடை விரியும் நேரத்தில் இங்கே குடை மடங்குகிறது.

அக்டோபரில் மும்பை வாசிகள் படும் பாடு தெரிந்ததே. ஈரம் காயாத நிலத்தின்மேல் வெயில் அடிப்பதால் இரண்டாவது கோடை வந்ததுபோல் புழுங்கும். ஆனால் 1,000 மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். மாத்தேரான் சுமார் 800 மீட்டர். லோனாவாலா 620 மீட்டருக்குச் சற்று மேல். மகாபலேஷ்வர் 1,350 மீட்டரைத் தாண்டும். அங்கே இரவில் போர்வை கேட்கும்.

இன்னொன்று, நான்கு மாத மழையில் ஏரிகளும் அணைகளும் நிரம்பியிருக்கும். மூடுபனி விலகியிருப்பதால் தொலைவில் உள்ள மலைகள்வரை கண்ணுக்குத் தெரியும். ஜூலையில் போகிறவர்கள் அருவியைப் பார்க்கலாம். மலையைப் பார்க்க முடியாது. மே மாதம் போனால் மலை தெரியும், பச்சை இருக்காது. இரண்டும் சேர்ந்து இருப்பது அக்டோபர், நவம்பரில்தான்.

எந்த வாரம் நல்லது?

தசராவுக்கும் தீபாவளிக்கும் இடையே சுமார் 20 நாட்கள் கிடைக்கும். அந்த இடைவெளியே சிறந்தது. தீபாவளி முடிந்த கையோடு குஜராத்திலிருந்தும் மும்பையிலிருந்தும் கூட்டம் மலையேறும். அறை வாடகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்பார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. அந்த 20 நாட்களில்தான் அரையாண்டுப் பரீட்சை வரும். பரீட்சை முடியும் நாளுக்கும் தீபாவளிக்கும் நடுவே மூன்று நாள் கிடைத்தாலும் விடக்கூடாது.

வார நாட்களில் போவதே லாபம். தாராவியில் பல பட்டறைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அவர்கள் வியாழன் இரவே கிளம்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைதான் முடியும் என்கிறவர்கள் மெகா பிளாக் அறிவிப்பைப் பார்க்காமல் வீட்டைவிட்டுப் புறப்படக்கூடாது. பராமரிப்புக்காக லோக்கல் வண்டிகளை நிறுத்திவிட்டால் மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் தானா ஸ்டேஷனில் காத்துக்கிடக்க நேரும்.

மோட்டார் நுழையாத ஊர்

கையில் காசு குறைவு, ஒரே நாள்தான் இருக்கிறது என்கிறவர்களுக்கு மாத்தேரான். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து 86 கிலோமீட்டரில் நேரல் ஸ்டேஷன். கர்ஜத், கோபோலி லோக்கல் எதில் ஏறினாலும் நேரலில் இறங்கலாம். கட்டணம் ஒரு வேளை டிபன் செலவுக்கும் குறைவு. இரண்டு மணி நேரப் பயணம்.

1850-ல் தானா கலெக்டராக இருந்த மாலெட் என்ற வெள்ளைக்காரர் இந்த மலையில் ஏறிப் பார்த்து வீடு கட்டினார். அதிலிருந்து ஊர் வளர்ந்தது. நேரலிலிருந்து மேலே போகும் சிறிய ரெயிலை அமைத்தவர் அப்துல் உசேன் ஆதம்ஜி பீர்பாய். 1904-ல் வேலை தொடங்கி 1907-ல் வண்டி ஓடியது. பணம் கொடுத்தவர் அவருடைய தந்தை சர் ஆதம்ஜி பீர்பாய். இரண்டடி அகலப் பாதை, சுமார் 20 கிலோமீட்டர், நூற்றுக்கணக்கான வளைவுகள். சர்க்கார் பணம் இல்லாமல் ஒரு குடும்பம் போட்ட ரெயில்பாதை 100 ஆண்டுகளைத் தாண்டி ஓடுகிறது என்றால் சும்மாவா!

ஆனால் அக்டோபரில் இந்த வண்டியை நம்பிப் போகக்கூடாது. மழைக்காலத்தில் நேரல் - அமன் லாட்ஜ் பாதையில் சேவையை நிறுத்திவிடுவார்கள். மழை ஓய்ந்து, பாதையைச் சரிபார்த்த பிறகே விடுவார்கள். 2019-ல் மண் அரித்துப் போனதில் மூன்று ஆண்டுகள் வண்டி இல்லை; 2022 அக்டோபரில்தான் மறுபடி ஓடியது. பல ஆண்டுகளில் நவம்பர் வந்துவிடுகிறது. அதனால் நேரல் ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு, வண்டி இல்லையென்றால் ஷேர் டாக்சியில் தஸ்தூரி நாக்காவரை போகலாம். அதற்கு மேல் மோட்டார் வாகனத்துக்கு அனுமதி இல்லை. பக்கத்திலேயே அமன் லாட்ஜ் ஸ்டேஷன். அங்கிருந்து ஊருக்குள் போகும் குட்டி ரெயில் மழைக்காலத்திலும் ஓடுகிறது. முடிந்தவர்கள் நடக்கலாம், இரண்டரை மூன்று கிலோமீட்டர்தான். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் மரங்கள். குதிரைகளும் உண்டு; பேரம் பேசியே ஏறவேண்டும்.

நடக்க முடியாத பெரியவர்களுக்கு ஒரு காலத்தில் கைரிக்‌ஷா ஒன்றுதான் வழி. மனிதனை மனிதன் வைத்து இழுக்கும் அந்த வழக்கத்தை ஆறு மாதத்தில் நிறுத்தவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அதற்கு முன்பே, 2022 டிசம்பரில், மின்சார ரிக்‌ஷாக்கள் சோதனையாக விடப்பட்டன. இழுத்துப் பிழைத்தவர்களுக்கே அந்த வண்டிகளைக் கொடுக்கவேண்டும் என்பது கோரிக்கை. கூலி வேலையின் அருமை தெரிந்த நம்மவர்களுக்கு இதன் நியாயம் எளிதில் புரியும்.

ஊரின் நடுவே சார்லட் ஏரி. குடிதண்ணீர் ஏரி அது. கால் கழுவவோ துணி நனைக்கவோ கூடாது. கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்க்கலாம் என்றால் குரங்குகள் விடாது. பையை மடியில் வைத்துக்கொள்வது நல்லது. பனோரமா முனை, லூயிசா முனை, எக்கோ முனை என்று பார்க்கும் இடங்கள் பல. எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று ஓடினால் கால் வலிதான் மிச்சம். சூரியன் மறைவதைப் பார்க்க ஒரு முனை, ஏரி ஒன்று, கடைத்தெரு ஒன்று. ஒரு நாளுக்கு இது போதும்.

இந்தப் பக்கத்து மலைகளில் கார்வி என்ற செடி உண்டு. நம் நீலகிரிக் குறிஞ்சிக்கு உறவு. குறிஞ்சிக்கு 12 ஆண்டு என்றால் கார்விக்கு 8. 2016-லும் 2024-லும் பல இடங்களில் பூத்தது. இப்போது போகிறவர்களுக்கு இலைதான் கிடைக்கும்.

இறங்காமல் போன ஸ்டேஷன்

லோனாவாலா மும்பையிலிருந்து 128 கிலோமீட்டர். புனே போகும் பகல் எக்ஸ்பிரசில் இரண்டாம் வகுப்பு உட்காரும் இடம் முன்பதிவு செய்துகொண்டு போகலாம். ஏறும்போது வலது பக்க ஜன்னலா, இடது பக்க ஜன்னலா என்று சண்டை வேண்டாம். இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு மாறி மாறி வரும்.

37 அடி போனால் ஓரடி ஏறும் அந்தப் போர் காட் பாதை 1863-ல் திறக்கப்பட்டது. அதைக் கட்டும் காண்டிராக்டை எடுத்த சாலமன் டிரெட்வெல் இந்தியா வந்து சில வாரங்களில் 1859-ல் இறந்துபோனார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஊருக்குத் திரும்பாமல் காண்டிராக்டைத் தானே ஏற்று வேலையை நடத்தினார். பல்லாயிரம் கூலியாட்கள் அந்தப் பாறையைக் குடைந்தார்கள். காலராவில் மடிந்தவர்கள் ஏராளம். குகைக்குள் வண்டி நுழையும்போது விளக்கு எரிவதை மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு இது தெரியாமலே போயிற்று.

லோனாவாலாவைச் சுற்றி உள்ள ஏரிகளில் பல, டாட்டா நிறுவனம் மின்சாரத்துக்காகக் கட்டியவை. லோனாவாலா, வல்வன், சிரவ்தா ஏரிகளின் தண்ணீரைக் குழாய் வழியாக மலைக்குக் கீழே கோபோலிக்கு இறக்கி, 1915-ல் மின்சாரம் எடுத்தார்கள். மும்பை பஞ்சாலைகள் அதில் ஓடின. அந்த ஆலைகளில் நம்மவர்களும் வேலை செய்தார்கள்.

மலவ்லி ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு பக்கம் கார்லா, மறுபக்கம் பாஜா. 2,000 ஆண்டுப் பழமையான புத்தர் குகைகள். மரத்தில் செய்ததுபோல் கல்லில் குடைந்த கூரை. படி ஏறவேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் கீழே டீக்கடையில் இருந்துவிடலாம்.

சிக்கி எனப்படும் கடலை மிட்டாய்க்கு லோனாவாலா பேர்போனது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் தின்று வளர்ந்தவர்கள் முகம் சுளிக்கலாம். இருந்தாலும் வாங்காமல் வருகிறவர் இல்லை.

இங்கே எச்சரிக்கை ஒன்று உண்டு. 2024 ஜூன் 30-ந் தேதி புஷி அணைக்குப் பின்புறம் உள்ள அருவியில் நின்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தைத் திடீர் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஒரு பெண்ணும் நான்கு பிள்ளைகளும் இறந்தார்கள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடுப்பாறையில் நின்ற காட்சியை நாடே பார்த்தது. அக்டோபரில் அருவி மெலிந்திருக்கும். ஆனால் பாறையில் பாசி காய்ந்திருக்காது. அணை ஏரிகளில் நீர்மட்டம் நிறைந்து, கரைச் சேறு காலை இழுக்கும். தாமிரபரணியில் நீந்தியவன் என்ற தைரியம் இங்கே உதவாது. ஆற்றில் ஆழம் படிப்படியாக வரும். அணை நீரில் அடுத்த அடியே ஆளை மூழ்கடிக்கும்.

சந்தடி பிடிக்காதவர்களுக்குப் பண்டார்தரா. கசாரா மலையேறி இகத்புரியில் (137 கிலோமீட்டர்) இறங்கி, கோட்டி வழியாக எஸ்.டி. பஸ்சிலோ ஜீப்பிலோ போகவேண்டும். பிரவரா ஆற்றின் குறுக்கே 1926-ல் கட்டி முடித்த வில்சன் அணை, அதன் பின்னே ஆர்தர் ஏரி. கரையிலேயே மராட்டிய சுற்றுலாக் கழகத்தின் விடுதி. பக்கத்தில் கல்சுபாய், 1,646 மீட்டர், மாநிலத்திலேயே உயர்ந்த சிகரம். உச்சியில் அம்மன் கோவில். நவராத்திரியில் கூட்டம் ஏறும். பஸ் வசதி குறைவு என்பதால் சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு இந்த ஊர் ஒத்துவராது.

செலவுக் கணக்கு

மும்பையில் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் கவனிக்கவேண்டியது: ரெயிலில் முதியோர் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, திரும்ப வரவில்லை. எஸ்.டி. பஸ்சில் நிலைமை வேறு. 2023 மார்ச் முதல் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். 75 வயது நிறைந்தவர்களுக்கு இலவசம். 65 முதல் 75 வரை பாதி. வயதுக்கு ஆதாரம் கையில் இருக்கவேண்டும். ஆகவே பெண்களும் பெரியவர்களும் அதிகமுள்ள குடும்பத்துக்கு சிவப்பு பஸ்தான் சிக்கனம்.

மத்திய சர்க்கார் கிளார்க்குகள் சிலர் எல்.டி.சி.யை இந்த மலைகளுக்கு உபயோகிக்கலாமா என்று யோசிக்கிறார்கள். வேண்டாம். நான்கு ஆண்டில் ஒரு முறை இந்தியாவின் எந்த மூலைக்கும் போக உரிமை தரும் சலுகையை 128 கிலோமீட்டருக்குச் செலவழிப்பது, யானையை விற்றுத் துரட்டி வாங்குவது போலாகும். அதை ஊருக்கோ காசிக்கோ வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆபீசுக்குச் சொந்தமான ஓய்வு இல்லம் மலையில் இருக்கிறதா என்று நலப் பிரிவில் கேட்பதில் தவறில்லை. ரெயில்வேக்கும் பல வங்கிகளுக்கும் இப்படி இல்லங்கள் உண்டு. வாடகை சொற்பம். மேலதிகாரிகள் மே மாதத்தில்தான் முட்டி மோதுவார்கள். அக்டோபர் வார நாட்களில் கிளார்க்குக்கும் இடம் கிடைக்கும்.

கிருஷ்ணா பிறக்கும் இடம்

தாராவிக் குடும்பம் கடைசியில் மகாபலேஷ்வருக்கே புறப்பட்டது. தீபாவளிக்குப் பத்து நாட்கள் முன்னதாக, ஒரு வியாழன் இரவு, எஸ்.டி. பஸ்சில். தாய்க்கும் மகளுக்கும் பாதி டிக்கெட். சாப்பாட்டுக்குப் புளியோதரையும் இட்லிப் பொடியும் கையில்.

வாயி என்ற ஊரைத் தாண்டிப் பசர்ணி மலைப்பாதையில் பஸ் ஏறும்போது பொழுது விடிந்தது. பஞ்ச்கனியில் குளிர் தொடங்கியது. மகாபலேஷ்வரில் ஸ்ட்ராபெர்ரி உண்டு என்று மகள் ஆசையோடு போனார். நாற்று நடும் காலம் அது. பழம் டிசம்பருக்குப் பிறகுதான். வென்னா ஏரியில் படகு விட்டார்கள். சாத்தாரா மகாராஜா 1842-ல் வெட்டிய ஏரி அது. தாயார் படகில் ஏற மறுத்துவிட்டார். கரையில் சுட்ட சோளக்கதிர் வாங்கித் தின்றுகொண்டு, குதிரையில் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பழைய மகாபலேஷ்வர் கோவிலுக்குப் போனார்கள். பஞ்சகங்கா என்ற அந்தக் கோவிலில் பசுவின் வாய்போல் செய்த கல்லிலிருந்து தண்ணீர் விழுகிறது. கிருஷ்ணா, கொய்னா, வென்னா, சாவித்திரி, காயத்ரி என்று ஐந்து ஆறுகள் அங்கே பிறப்பதாக நம்பிக்கை. சாவித்திரி மேற்கே இறங்கி அரபிக்கடலுக்குப் போகிறது. கிருஷ்ணா கிழக்கே நான்கு மாநிலங்களைக் கடந்து வங்கக்கடலுக்குப் போகிறது.

அந்தக் கிருஷ்ணாவில் சென்னைக்கும் பங்கு உண்டு. மராட்டியம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க 1976-ல் ஒப்புக்கொண்டன. 1983-ல் தெலுங்கு கங்கைத் திட்ட ஒப்பந்தம் ஆயிற்று. 1996-ல் தண்ணீர் பூண்டி ஏரிக்கு வந்து சேர்ந்தது.

இந்தக் குடும்பத்தின் மூத்த மகன் சென்னை வியாசர்பாடியில் இருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிறார். மகள் இந்த விவரத்தைச் சொன்னதும் தாயார் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப, அவன் வீட்டுக் குழாயில வர்றது இந்தத் தண்ணியா?"

"எல்லாத் தண்ணியும் கலந்துதான் வரும். இதுவும் கொஞ்சம் இருக்கும்" என்றார் கணவர்.

தாயார் பையிலிருந்த காலிப் பாட்டிலைக் கழுவிப் பிடித்துக்கொண்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தியும் பாட்டில் நிறையும்வரை நகரவில்லை.

அன்று இரவு பஸ்சில் மும்பை திரும்பியபோது டப்பாவில் 700 ரூபாய் மிச்சம் இருந்தது. அறை வாடகையில்தான் அதிகம் போயிற்று. சனிக்கிழமை ஒரு நாள் சம்பளம் பட்டறையில் பிடித்தம்.

பொங்கலுக்கு ஊர் போக முன்பதிவு தொடங்கும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தார் மகள். தாயார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எந்த வண்டியானாலும் சரி, கர்ஜத்தை விடிந்த பிறகு தாண்டுகிற வண்டியாகப் பார்க்கவேண்டும். ஜன்னல் சீட்டு தனக்கு.